பின்சீட்டைக் கழற்றியவர்

மைலேஜ் அண்ணன் கார் ஓட்டுவதைப் பார்த்தால் எப்பேர்ப்பட்டவருக்கும் பொறுமை போய்விடும். சிவப்பு விளக்கு கண்ணில் பட்ட மாத்திரத்தில், அது எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். கார் தானாக உருண்டு உருண்டு போய்ச் சேர்வதற்குள் விளக்கு பச்சையாகிவிடும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவான். "என்னப்பா அவசரம்? உன் பெட்ரோலையா குடிக்கிறேன்?" என்று உள்ளுக்குள்ளேயே முனகிக்கொள்வார். கண்ணாடியை இறக்கிச் சொல்லமாட்டார். இறக்கினால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னுக்கு இழுக்குமாம்.

அது பழைய சின்னக் கார். வாங்கும்போதே இன்னொருவர் ஓட்டித் தேய்த்தது. ஒரு காலத்தில் நீலம். அதற்கு அவர் செய்த சேவையைத் தன் உடம்புக்குச் செய்திருந்தால் நூறு வயது இருப்பார் என்று மனைவி சொல்வாள். டயருக்குக் காற்றுப் பிடிப்பதென்றால் விடிந்ததும், ரப்பர் சூடேறுவதற்குமுன். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெயிலில் தட்டுவார். பிளக்கின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, நகை பார்ப்பதுபோல் பார்ப்பார். "வண்டி எவ்ளோ குடுக்குது?" என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு, அன்றைக்கு அவர்கள் வேலைக்குப் போன மாதிரிதான்.

இதெல்லாம் அவர் தொழிலிலிருந்து வந்த குணம். கடைகடையாகப் போய்த் தராசு சரிபார்ப்பது அவர் வேலை. மளிகைக்கடை, இரும்புக்கடை, மருந்துக்கடை என்று எங்கே தராசு முள் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காரின் டிக்கியில் எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டி ஒன்று வருஷக்கணக்காக அவரோடு ஊர் சுற்றியது. எதைப் பார்த்தாலும் அவருக்கு முதலில் தெரிவது எடைதான். ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் அத்தையிடம், "எண்பத்திரண்டு இருப்பீங்களாம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டுவைத்தார். அந்த அம்மாள் வயதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துப் பெரிய ரகளையாகிவிட்டது. எடையைச் சொன்னேன் என்று அவர் விளக்கியபிறகு ரகளை இன்னும் பெரிதாயிற்று.

இன்னொரு பழக்கமும் தொழிலிலிருந்து ஒட்டிக்கொண்டது. நுட்பமான தராசை இடம் மாற்றுவதற்கு முன்னும் வைத்த பின்னும் அதன் கோலைப் பூட்டிவிட வேண்டும், ஆடினால் கெட்டுவிடும். அதே கையோடு காரை நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுப்பார். எல்லோரும் இழுப்பதுபோல் இல்லை. இதற்குமேல் வராது என்கிறவரை, கர்ர்ர்ரென்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி. கம்பி பாவம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பூட்டியது பூட்டியபடி இருந்தால்தான் அவருக்கு நிம்மதி.

தொழிலை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. டயாலிசிஸ் செய்யும் மிஷின் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில்தான். மேடேறி இறங்கி, வாரத்துக்கு மூன்று நடை. ஒன்றைக் கூடத் தவறவிடக்கூடாது. தவறவிட்டால் குடித்த தண்ணீர் போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும். முதலில் கால் வீங்கும், பிறகு முகம், பிறகு நெஞ்சு அடைக்கும். அதனால் உள்ளே போகும்போது ஒரு தடவை எடை பார்ப்பார்கள், மிஷின் தண்ணீரை இழுத்தபிறகு வெளியே விடும்போது ஒரு தடவை. வாசலில் இருந்த அந்த எடை மேடையை மைலேஜ் அண்ணன் முதல் நாளே கண்ணால் அளந்துவிட்டார். "நல்ல மேடைதான். சரியா காட்டுது" என்று மனைவியிடம் சொன்னார். அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. ஏன் வந்தது, யாரால் வந்தது என்று ஆளுக்கொரு கதை. ஒரு காருக்கு வாரத்துக்கு இவ்வளவுதான் என்று பெட்ரோல் பங்க்கில் அளந்து ஊற்றினார்கள். கெஞ்சினாலும் ஒரு சொட்டு கூடாது. ஆம்புலன்ஸ், உயிர் போகிற கேஸுக்கு மட்டும் என்றார்கள். போகாமல் பார்த்துக்கொள்கிற கேஸுக்கு இல்லையாம்! என்ன நியாயமோ, போங்கள். அளந்து ஊற்றிய பெட்ரோலில் இரண்டு நடை தாராளமாகப் போய்வரலாம். மூன்றாவது நடை பாதி வழியில் நின்றுவிடும். அந்த மூன்றாவது நடைதான் இப்போது மைலேஜ் அண்ணனின் உலகம். அது கிடைத்தால் மனைவி உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

தெருவே கேலி செய்த வித்தையெல்லாம் உயிர்வித்தையாகிவிட்டது. மனிதர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேல் கேரியரைக் கழற்றினார். ஜாக்கி, ஸ்டெப்னி, கால் மிதியடி, பின் கண்ணாடியோரப் பலகை எல்லாவற்றையும் இறக்கினார். ஒவ்வொன்றையும் தன் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தபிறகுதான் ஓரமாக வைத்தார். எடைக்கல் பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. கடைசியில் ஒருநாள் காலையில் பின்சீட்டையே நட்டு கழற்றித் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கைப்பையையும் வெச்சுட்டு வரவா?"

"உள்ள என்ன இருக்கு?" என்று அவர் நிஜமாகவே கேட்டார்.

மூன்றாவது நடை எட்டியது. எட்டியது என்றால், பெட்ரோல் முள் அடியில் படுத்துக்கொண்டு, வண்டி இருமிக்கொண்டு, தெருமுனை இறக்கத்தில் உருண்டு வாசலைத் தொட்டது. கர்ர்ரென்று ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். மனைவி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் மனைவிக்கு அடுத்த மிஷினில் ஒரு தையல்காரி படுப்பாள். வயது நாற்பதுக்குள். கணவன் இல்லை, நாத்தனாரோடு குடியிருந்தாள். வழியிலேயே, பெரிய சாலையோரத்து முக்கில் அவர்கள் வீடு. வாய் ஓயாமல் பேசுவாள். ஊசி குத்தும்போது கையைச் சுருட்டவேண்டாம் என்று, தோளிலிருந்து முழங்கை வரை பித்தான் வைத்துத் திறக்கிற மாதிரி மேல்சட்டை ஒன்று தைத்து மைலேஜ் அண்ணன் மனைவிக்குக் கொடுத்திருந்தாள். "அக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே யூனிஃபார்ம்" என்பாள்.

பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸும் நின்றது. அன்று மாலை ஆஸ்பத்திரி வாசலில், மனைவியை நர்ஸ் மெதுவாக நடத்தி வருவதற்குள், தையல்காரி அவரிடம் வந்தாள்.

"அண்ணே, உங்க வண்டி எங்க முக்கு வழியாத்தானே போகுது? பஸ்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல. காலைல காய்கறி வண்டில ஏறி வந்தேன். என்னையும் கூட்டிட்டுப் போங்கண்ணே."

மைலேஜ் அண்ணன் அவளைப் பார்த்தார். நாற்பத்தைந்து கிலோ. வேண்டுமென்றே பார்க்கவில்லை. அவர் கண் அப்படித்தான் பார்க்கும். பார்த்தபிறகு மனசு கணக்குப் போட்டது. எடைக்கல் பெட்டி நீங்கலாக, கழற்றிப் போட்டதெல்லாம் சேர்ந்தாலும் நாற்பத்தைந்து வராது.

"பின்சீட்டு இல்லம்மா. கழட்டிட்டேன்."

"சீட்டு எதுக்குண்ணே? ஒரு தலகாணியைப் போட்டு கீழ உக்காந்துக்கறேன்."

"அதுக்கில்லம்மா. எடை கூடினா பெட்ரோல் கூட குடிக்கும். மூணாவது நடைக்கு வராது. என் பொஞ்சாதிக்கு…" மேலே சொல்ல வரவில்லை.

அவள் சிரித்தாள். "என்னண்ணே, நான் அவ்ளோ கனமாவா இருக்கேன்? என் தையல் மிஷின் என்னைவிட கனம்." அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "சரிண்ணே, பரவால்ல. வேற ஏதாவது வண்டி வரும்."

கடைசிப் பேச்சு மனைவியின் காதில் விழுந்துவிட்டது. கார் நகர்ந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அந்த எடைக்கல் பெட்டியைத் தலைல தூக்கிட்டா ஊர் சுத்தினீங்க? இதே வண்டிதானே சுமந்தது? அவ அந்தப் பெட்டி அளவுகூட இல்ல."

"அப்ப பெட்ரோல் கிடைச்சுது."

"அவளும் என்னை மாதிரிதாங்க. ஒரு நாள் விட்டா…"

"தெரியும்!" என்று கத்திவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் அப்படிக் கத்தியதில்லை. "தெரியும். வழில வண்டி நின்னு, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? சொல்லு, நான் எங்க போவேன்?"

அவளுக்கும் பயமாக இருந்தது. இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நடையின்போது முக்கில் தையல்காரி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பை, தோளில் பித்தான் வைத்த அதே சட்டை. வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தவள், இந்தக் காரை அடையாளம் கண்டதும் கையைக் கீழே போட்டுவிட்டாள். மைலேஜ் அண்ணன் அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். எதைக் கண்டாலும் காலை எடுக்கிற மனிதர், அன்றைக்குக் காலை எடுக்கவில்லை. சாலையை நேராகப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை என்று அவருக்குத் தெரியும்.

அன்று அடுத்த மிஷின் காலி. அதற்கடுத்த நடையிலும் காலி. "வேற ஊர்ல எங்கயாவது போயிருப்பாங்களோ?" என்று நர்ஸைக் கேட்டார். "வேற எங்க சார் மிஷின் இருக்கு?" என்றாள் நர்ஸ்.

அன்று திரும்பும் வழியில், மேட்டைத் தாண்டி இறங்கும்போது, கருகிய வாடை வந்தது. மனைவியை வீட்டில் இறக்கிவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் அவருடைய பழைய ஆள். கை எவ்வளவு வேலை செய்யுமோ வாயும் அவ்வளவு செய்யும். காரைச் சுற்றி வந்து பின்சக்கரத்தில் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, இதுல தோசையே சுடலாம் போலிருக்கே! எத்தனை நாளா இப்படி?"

சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். இழுத்து இழுத்து, துருப்பிடித்து, ஹேண்ட்பிரேக் கம்பி இறுகிப்போயிருந்தது. கைப்பிடியை இறக்கினாலும் கம்பி திரும்பிப் போவதில்லை. பிரேக் கட்டை டிரம்மைக் கவ்விக்கொண்டே இருந்திருக்கிறது. மாசக்கணக்காக அந்தக் கார் பிரேக்கோடு மல்லுக்கட்டியபடியே ஓடியிருக்கிறது.

"ஊருக்கே மைலேஜ் சொல்ற ஆளு நீங்க! சக்கரத்தைக் கையால ஒரு சுத்து சுத்திப் பாக்கலியா?"

"எடை… எடைதான்னு நெனச்சேன்."

"எடையாவது ஒண்ணாவது. சின்ன வண்டிண்ணே, நாலு பேருக்குன்னே செஞ்சது. பெரிய ரோட்டுல ஒரே சீரா ஓட்டுற உங்களுக்கு ஒரு ஆளு ஏறினா என்ன, இறங்கினா என்ன? முள்ளு அசையாது. இது குடிச்ச பெட்ரோல்ல நீங்க நாலு பேரை ஏத்திட்டுப் போய் வந்திருக்கலாம்."

மெக்கானிக் விளையாட்டாகத்தான் சொன்னார். மைலேஜ் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வாழ்நாள் முழுக்க எதைக் கண்டாலும் எடையாகவே பார்த்த கண், தன் கையே இழுத்துப் பூட்டிய பூட்டைப் பார்க்கத் தவறிவிட்டது. அவர் அதை நினைத்துக்கூட நிற்கவில்லை. கம்பியைத் தளர்த்திக் கட்டையை விடுவித்த உடனே, எண்ணெய்க் கையோடு காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு அல்ல, பெரிய சாலை முக்குக்கு.

நாத்தனார் கதவைத் திறந்தாள். இவரை அவளுக்குத் தெரியாது. "ஆஸ்பத்திரியில பாத்த அண்ணன்" என்றதும் அழ ஆரம்பித்துவிட்டாள். நேற்றிலிருந்து யார் யாரிடமோ வண்டி கேட்டு அலைந்திருக்கிறாள். உள்ளே தையல்காரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு இரவாக உட்கார்ந்தபடியே இருக்கிறாளாம். முகம் அடையாளம் தெரியவில்லை. கண் இடுங்கி, கன்னம் பளபளவென்று ஊதி, கால் இரண்டும் தூண் மாதிரி இருந்தன. இவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூச்சுதான் வந்தது, சொல் வரவில்லை.

"பேசாதம்மா. ஒண்ணும் பேசாத" என்று குனிந்து அவளை இரண்டு கையிலும் தூக்கினார்.

தூக்கியதும் அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கை பொய் சொல்லாது. ஐம்பத்திரண்டு. அன்றைக்கு வாசலில் நின்று சிரித்தவள் நாற்பத்தைந்து. நடுவில் இருந்த ஏழு கிலோவும் தண்ணீர். இவர் ஒரே ஒரு தடவை காலை எடுத்திருந்தால் வெளியே போயிருக்கவேண்டிய தண்ணீர். அதைத் தன் கையாலேயே சுமந்துகொண்டு வாசற்படி இறங்கினார். கிழவர் அழுதுகொண்டே நடந்தார் என்று நாத்தனார் பிற்பாடு சொன்னாள்.

பின்சீட்டு இல்லாத வெறுந்தகரத்தில் தலையணைகளை அடுக்கி, நாத்தனார் மடியில் அவளைச் சாய்த்தார். அப்புறம் அவர் ஓட்டிய ஓட்டை அந்தக் கார் அதற்குமுன் கண்டதில்லை. மிதித்த காலை எங்கேயும் எடுக்கவில்லை. மேட்டில் என்ஜின் அலறியது. அலறட்டும் என்று விட்டுவிட்டார். டேங்கில் இருந்தது மனைவியின் நாளை மறுநாள் நடைக்கு வைத்திருந்த பெட்ரோல். அதை நினைக்காமல் இல்லை. நினைத்துக்கொண்டேதான் மிதித்தார்.

தையல்காரி பிழைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மைலேஜ் அண்ணனின் தோளைத் தட்டி, "நல்ல காரியம் பண்ணீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சரி, மனைவியின் நடைக்குப் பெட்ரோல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போதுமானதாக இருந்தது! போய்வந்த பிறகு மிச்சமும் இருந்தது. அந்த மிச்சம்தான் அவரைக் கொன்றது. வீட்டுக்கு வந்து முள்ளைப் பார்த்தபடி வெகுநேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தார். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். பிரேக், டிரம், மெக்கானிக் சொன்னது எல்லாம்.

"தெரியாம பண்ணிட்டீங்கன்னு நான் சொல்லமாட்டேன்" என்றாள் அவள். "தெரிஞ்சேதான் பண்ணீங்க. எனக்காகப் பண்ணீங்க. நானும் வாயை மூடிக்கிட்டுதான் வந்தேன். போய் அந்த சீட்டை இறக்குங்க."

பரணிலிருந்து பின்சீட்டு இறங்கியது. தையல்காரி தேறி வீட்டுக்கு வந்தபிறகு ஒவ்வொரு நடைக்கும் அவளும் ஏறிக்கொண்டாள். வண்டி ஒரு குறையும் சொல்லாமல் மூன்று பேரையும் சுமந்தது. அவள் வாயும் பழையபடி திறந்துகொண்டது. ஆனால் இப்போது அதில் ஒரே பாட்டு. நர்ஸிடம், டாக்டரிடம், வார்டு பெருக்குகிறவளிடம், பக்கத்துக் கட்டில்காரரிடம், யாரைக் கண்டாலும், "இந்த அண்ணன் மட்டும் அன்னைக்கு வரலன்னா நான் போய்ச் சேந்திருப்பேன். என் உசிரைக் காப்பாத்தின சாமி இவர்" என்பாள். கேட்டவர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்ப்பார்கள். அவருக்கு முள்மேல் நிற்கிற மாதிரி இருக்கும். மனைவி வேறு பக்கம் பார்ப்பாள்.

ஒருநாள் திரும்பும்போது அவரால் முடியவில்லை. முக்குக்குச் சற்று முன்னால் காரை ஓரங்கட்டினார். கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துச் சொன்னார்.

"அப்படியெல்லாம் சொல்லாதம்மா. நான் உன்னைக் காப்பாத்தல. அன்னைக்கு முக்குல நீ நின்னதைப் பாத்தேன். பாத்துட்டுதான் நிறுத்தாம போனேன். ஏத்தியிருந்தா உனக்கு அந்த நிலைமையே வந்திருக்காது. ஏத்த முடியாதுன்னும் இல்ல. ஏத்தியிருக்கலாம்."

பின்னாலிருந்தவள் முன்சீட்டுப் பக்கம் சாய்ந்தாள்.

"எனக்குத் தெரியாதாண்ணே?" என்றாள் தையல்காரி. குரலில் கோபம் இல்லை. "நீங்க பாத்ததை நானும் பாத்தேனே. ஆனா நான் பொழைக்கிறது இந்த சீட்டுலதானே இருக்கு? நாளைக்கே பெட்ரோல் இன்னும் கொறைஞ்சா, நீங்க மறுபடியும் கணக்குப் போடுவீங்க. நாலு பேர் முன்னாடி சாமின்னு சொல்லிட்டே இருந்தாத்தானேண்ணே நீங்க அடுத்த தடவையும் நிறுத்துவீங்க?"

முன்சீட்டில் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்துவேன்மா" என்றார் அவர். "சத்தியமா நிறுத்துவேன்."

"சரிண்ணே" என்றாள் அவள். வீடு வந்ததும் இறங்கிக்கொண்டாள்.

அடுத்த நடையில் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு நர்ஸ் வேலைக்கு வந்திருந்தாள். தையல்காரி எடை மேடையில் ஏறி நின்றபடியே அவளைக் கூப்பிட்டு மைலேஜ் அண்ணனைக் காட்டினாள். "இதோ நிக்கறாரே, இவர்தாம்மா என் உசிரைக் காப்பாத்தின சாமி" என்றாள்.